மூன்றாம் பாகத்துக்கு வேறு வில்லன்

தேசப்பன் டிக்கெட்டை நான்காகக் கிழித்து
திருவொற்றியூர் ஹைரோட்டில் ஓடிய மழைத்தண்ணியில் விட்டான்.
"செத்தவன எத்தினி தபாக்கா எழுப்புவானுங்க?"
ஏழு வருஷம் காத்திருந்த கதை.
கடைசியில் அதே கிழட்டுச் சக்கரவர்த்தி,
அதே முக்காடு,
குகைக்குள்ளிருந்து அதே சிரிப்பு.

அன்று ராத்திரியே
எர்ணாவூர் மொட்டைமாடியில், ஈரத்துணிகளுக்கு நடுவில்,
மூன்று படத்தையும் திரும்ப எடுக்க ஆரம்பித்தோம்.
பட்ஜெட்: பீச் ஸ்டேஷனிலிருந்து வந்த அத்தோ, இரண்டு பொட்டலம்.
இரண்டாவது சூரியனுக்குச் செலவே இல்லை,
மணலிப் பக்கம் விடிய விடிய எரிகிறது.
சாம்பல் கோளுக்கு செட்டும் வேண்டாம்.
படைக்கப்பல்கள்
எக்ஸ்பிரஸ்வேயில் வரிசை கட்டி நிற்கின்றன,
டிரைவர்கள் உள்ளே தூங்குகிறார்கள்.

வில்லனுக்குத்தான் ஆளில்லை.

மோசஸ் சொன்னான், கூடவே வர்ற ரோபோதான் வில்லன்.
யுவராணி சொன்னாள், முதல் படத்தில் நாயகன்
பாலைவனத்தில் விட்டுட்டு வந்தானே, அந்தப் பொண்ணு.
அவளுக்குக் கோபப்பட நியாயம் இருக்கு.
கைதட்டினோம்.

காற்று திரும்பியது.
அழுகின முட்டை வாடை.
பேச்சை நிறுத்தாமலே நால்வரும் மூக்கை மூடிக்கொண்டோம்,
துப்பட்டாவால், சட்டைக் காலரால்.
அப்போதுதான் நான் சொன்னேன்.

என் வில்லனுக்கு முகமூடி கிடையாது.
ஈட்டி, மின்னல், மந்திரம் எதுவும் கிடையாது.
ஒரு பேனா. ஒரு கண்ணாடிக் குழாய்.
கோள் கோளாக இறங்குவான்.
காற்றில் ஒரு பிடி எடுத்து மூடியைத் திருகுவான்.
"அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்" என்று எழுதி
தேதி போட்டுவிட்டுக் கப்பல் ஏறிவிடுவான்.
அவன் போன பிறகுதான்
பேரரசு வரும்.

முதல் பாகத்தில் அவனை யாரும் கவனிக்க மாட்டார்கள்.
சந்தைக் காட்சியில், ஓரமாக, டீ குடித்துக்கொண்டிருப்பான்.
இரண்டாம் பாகத்தில் நாயகி அவனிடம் வழி கேட்பாள்,
சரியான வழியைத்தான் சொல்வான்.

"சண்டை?" என்றான் மோசஸ்.
இல்லை.
"அப்ப விசிலு எங்க அடிக்கிறது?"
தெரியவில்லை.

யுவராணி அத்தோவில் எலுமிச்சை பிழிந்தபடி,
"பிளாஷ்பேக் இருக்கா?"
இருக்கு. காண்டிராக்ட் வேலை,
பதினோரு மாசத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும்.
முதல் தடவை சரியான நம்பரைத்தான் எழுதினான்.
அந்தத் தாளை மேஜையில் திருப்பி வைத்துவிட்டு
அதிகாரி ஒன்றும் திட்டவில்லை,
வீட்டில் எத்தனை பேர் என்று மட்டும் கேட்டார்.

தேசப்பன் பொட்டலத்திலிருந்து தலை நிமிர்த்தவில்லை.
அவன் டிப்ளமோ ஃபீஸ் ரசீது
என் கைப்பையில்தான் இன்னும் இருக்கிறது.
கொஞ்ச நேரம் கழித்து,
"அவன் டிரஸ் இன்னாக்கா?"

கொடியில் என் லேப் கோட்டு,
நீலம், இடது பாக்கெட்டில் கம்பெனிப் பெயர்,
கடல்காற்றில் உப்பி
அங்கி மாதிரி விரிந்தது.
யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.
பார்க்காமல் இருக்க நாலு பேரும் பட்ட பாடு
எனக்குத் தெரிந்தது.

"மூணாவதுல அவன யாரு கொல்றது?"
மோசஸுக்கு எப்போதும் முடிவு வேண்டும்.
கொல்ல வேண்டாம்டா என்றாள் யுவராணி.
பொட்டலத் தாளின் எண்ணெய் படாத மூலையில்
கண்மைப் பென்சிலால் எழுதினாள்:
காட்சி ஒன்று. முகத்துவாரம். விடியல்.
மூடியைத் திறக்கிறான்.
அதற்கு மேல் பென்சில் ஒடிந்துவிட்டது,
அல்லது ஒடித்துவிட்டாள்.

மணலிச் சூரியன் ஒருமுறை உயர்ந்து தணிந்தது.
எழுந்து போய்க் கோட்டைத் தொட்டுப் பார்த்தேன்.
கையெல்லாம் ஈரம்.
ஆறு மணிக்குப் பதினான்கு பாட்டில் எடுக்கணும்,
காய்ந்தாலும் காயாவிட்டாலும்
இதைத்தான் போட்டுக்கொண்டு போகணும்.